அமாவாசைக்குத் தரைக்காசு கிடையாது

சந்தையில் உட்காரத் தரைக்காசு கேட்பார்கள், கூடை இறக்கக் காசு கேட்பார்கள், அது உலக வழக்கம். நிழலுக்குக் காசு கேட்ட கதை கேட்டதுண்டா? காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில், நெசவாளர் தெருக்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் கூடுகிற புதன்கிழமைச் சந்தையில் கேட்டார்கள். குடை விரித்தால் அதன் நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை கடை என்று சட்டம். வெயில் சாயச் சாய நிழல் நீளும் அல்லவா, கூடவே காசும் நீண்டது.

கருவாடு விற்கிற கிரேஸ் அன்றைக்குக் குடையை மடக்கிக் கீழே போட்டாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்தாபா, இப்ப என் நிழலு எனக்குள்ளயே கீது. இதுக்கு இன்னா துட்டு?" என்று வசூலுக்கு வந்தவனைக் கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் நூற்றைம்பது கடை கூடிய சந்தையில் அன்றைக்கு நாற்பத்திரண்டு கடைதான் இருந்தது. காசு கட்ட முடியாமல் பாதிக்கு மேற்பட்டவர்கள் நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போய்விட்டார்கள். கடை குறைந்ததால் வாங்க வருகிறவர்களும் குறைந்தார்கள். இன்னும் இரண்டு வருஷம் இப்படிப் போனால் இந்த இடத்தில் ஆடுதான் மேயும்.

கிரேஸ் ஏனாத்தூர்க்காரி. அவளைப் பெற்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டார்கள், அறுத்தார்கள். அந்தச் சேறு தனக்கு வேண்டாம் என்று கல்யாணமான மறு வருஷமே ஒரு கூடை நெத்திலியோடு இந்தச் சந்தையில் வந்து உட்கார்ந்தவள். பத்தொன்பது வருஷமாகிறது. சதுரங்கப்பட்டினம் கடற்கரையிலிருந்து சரக்கைக் கணவன் ஜெபகுமார் தன் குட்டியானை வண்டியில் ஏற்றி வருவான். கருவாட்டில் பிழைத்துத்தான் கூரை வீடு காங்கிரீட் வீடானது, மகள் திரிஷா பி.காம். படிக்கிறாள். கிரேஸுக்கு வாய் அதிகம் என்று சந்தையில் பெயர். வாயில்லாத கருவாட்டுக்காரி எங்கே பிழைத்தாள்!

சந்தையில் வசூல் செய்யும் உரிமையை உள்ளாட்சி அலுவலகம் வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் ஒரு தொகையை அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு, கடைக்காரர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஒன்பது வருஷமாக எடுக்கிறவர் துரைக்கண்ணு. பக்கத்து ஊர் நிலக்காரர், கட்சிக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக மாலையோடு வருவார். ஆனால் கறக்கிற மாட்டுக்குப் புல் போட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அவருடைய அப்பாவை கிரேஸின் அம்மா "ஆண்டே" என்று கூப்பிட்டாள். கிரேஸ் அவரை "சார்" என்பாள்.

சந்தைக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே நிதி மந்திரிக்கே பாடம் எடுக்கிறவர் சிட்டிபாபு. வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் தமிழ், யூடியூபில் இங்கிலீஷ், ரெடிமேட் துணிக்கடை. அன்றைக்குத் தொலைக்காட்சியில் பட்ஜெட் ஓடிக்கொண்டிருந்தது.

"அரசாங்கம் கைய எடுத்துக்கணும்மா. வரியக் கொறச்சா வியாபாரம் பெருகும். வியாபாரம் பெருகுனா வரி தானா பெருகும். மார்க்கெட்டே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றார் சிட்டிபாபு.

காய்கறி விற்கிற காந்தா டம்ளரை நங்கென்று வைத்தாள். "மார்க்கெட்டு கக்கூஸ் கட்டுமா? இருவது வருஷமா பொம்பளைங்க அந்தக் கருவேல மரத்தாண்ட ஒதுங்கிக்கினு கீறோம். வரி வாங்கறவன் அத்தக் கட்டிட்டு வாங்கட்டும். வரியே வாணாம்னா அப்புறம் யார் கட்டுவாங்களாம்?"

"அது வேறம்மா..."

"இன்னா வேற? உன் வயிறும் என் வயிறும் ஒண்ணுதான்."

கிரேஸ் இரண்டு பேரையும் பார்த்தாள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோல் பட்டது. வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகுமா என்பது டெல்லிக்கு எப்படியோ, கருவாட்டுக்கு உண்மை என்று அவளுக்குத் தெரியும். கூறு ஐம்பது என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் முப்பது என்றால் இரண்டு கூறு வாங்குவாள்.

"பாபு அண்ணே, நாளைக்குச் சந்தை ஏலமாமே. துரைக்கண்ணு சாருக்கு எதிரா யாரும் கேக்க மாட்டாங்களா?"

சிட்டிபாபு குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சும்மா. நாலு பேரு டெபாசிட் கட்டுவோம், சும்மா ஆயிரம் ரெண்டாயிரம் ஏத்துவோம், அவருக்கு விட்டுக் குடுத்துடுவோம். எங்களுக்கு ஏதோ செலவுக்குக் குடுப்பாரு."

"நீங்களுமா? இப்பதான மார்க்கெட்டே பாத்துக்கும்னீங்க!"

சிட்டிபாபு டீயை ஊதிக்கொண்டார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

"அந்த ஏலத்துல யார் வேணா கேக்கலாமா?"

"டெபாசிட் கட்டுனா காக்கா கூட கேக்கலாம். ஏம்மா?"

கிரேஸ் டீக்காசை வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போய், ஏலம் கேட்கப்போவதைச் சொன்னாள். ஜெபகுமார் முதலில் "பைத்தியமா உனக்கு?" என்றான். எழுந்து போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "வண்டிய வெச்சா ஒண்ணு, ஒண்ணே கால் லட்சம் குடுப்பாங்க" என்றான். வீட்டுக்குச் சோறு போடுகிற வண்டி அது. விடிந்ததும் அதன் ஆர்.சி. புத்தகத்தை அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள்.

மறுநாள் ஏல அறையில் நாற்காலி ஐந்துதான் போட்டிருந்தது. ஆறாவது ஆளாக கிரேஸ் நின்றுகொண்டாள். ஆரம்ப விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம். பேசி வைத்தபடி ஒருவர் ஆயிரம் ஏற்றினார், இன்னொருவர் ஆயிரம் ஏற்றினார். துரைக்கண்ணு மூன்றாயிரம் ஏற்றிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், வேலை முடிந்தது என்பதுபோல.

"ஒண்ணு தொண்ணூறு" என்றாள் கிரேஸ்.

அதிகாரிக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. "யாரும்மா நீ?"

"கருவாடு விக்கறேன் சார். டெபாசிட் கட்டிக்கீறேன், ரசீது பாருங்க."

விலை ஏறியது. இரண்டு லட்சம். இரண்டு ஐந்து. இரண்டு பத்து. "ரெண்டு பதினொண்ணு" என்றாள் கிரேஸ். துரைக்கண்ணு சிரித்தார்.

"எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ" என்று எழுந்தார். வெளியே வந்து, தம் ஆட்களிடம் அவள் காதில் விழும்படியே சொன்னார்: "பாதிதான் இன்னிக்குக் கட்டணும். மீதி ஆகஸ்ட் இருவதுக்குள்ள. கட்டலனா குத்தகையும் போச்சு, கட்டுன துட்டும் போச்சு. மறு ஏலத்துல பாத்துக்கலாம் வா."

ஏப்ரல் முதல் புதன்கிழமை. குட்டியானையின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டி, கிரேஸ் நெடுஞ்சாலை ஓரம் முழுக்கப் போய்க் கூவினாள். "கூடையா இருந்தாலும் கடையா இருந்தாலும் அம்பது ரூவா! அம்பதே ரூவா! குடை எவ்ளோ பெருசா வேணா விரிச்சுக்கோ!" கூட்டம் சேரச் சேர அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அரைக் கிலோ கருவாடு வாங்குகிறவளுக்குக் கொசுறாக ஒரு பிடி சென்னாக்குனி இறால் போட்டுப் பழகிய கை அல்லவா, பேச்சிலும் ஒரு கொசுறு போட்டாள்: "புதன்கிழமையில அமாவாசை வந்தா அன்னிக்குத் தரைக்காசே கிடையாது, போ!"

காந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விஷயம் என்னவென்றால், பத்தொன்பது வருஷத்தில் ஒரு அமாவாசைச் சந்தையைக்கூட கிரேஸ் கண்ணால் பார்த்ததில்லை. அமாவாசையன்று கருவாட்டை யார் தொடுவார்கள்? கருவாட்டு வரிசையே அன்றைக்கு லீவு. நெசவாளர்கள் அமாவாசைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள் என்பது காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். தறி ஓடாத நாளில் யார் கையில் துட்டு இருக்கும், சந்தை ஈயோட்டும் என்று அவளாக முடிவு கட்டியிருந்தாள். மறு வாரம் மற்றவர்களைக் கேட்டால் "ஏதோ போச்சு" என்பார்கள். நல்ல வியாபாரம் என்று எந்த வியாபாரி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்? தறி நின்றால்தான் நெசவாளிக்குக் கையும் காலும் ஓய்ந்திருக்கும், அன்றைக்குத்தான் பெண்டாட்டி பிள்ளைகளோடு சந்தைக்குப் புறப்படுவான் என்பதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. காந்தாவுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லுவாளா? ஐம்பது ரூபாய் மிச்சமாகிறதே!

கடைகள் திரும்பி வந்தன, ஆனால் மெதுவாக. நாற்பத்திரண்டு அறுபதானது, ஆனி கடைசியில் எண்பதானது. வரும் காசில் வண்டிக் கடனுக்கு மாதத் தவணை போனது. குப்பை அள்ள ஒரு ஆள் வைத்தாள். காந்தா விடாமல் நச்சரித்ததில், நாலு தகரத் தட்டியும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாகப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டினாள். கட்டிய வாரமே பூ விற்கிறவர்கள் ஏழு பேர் கூடுதலாக வந்ததைப் பார்த்து, "இத்த மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள். எல்லாம் சரிதான். ஆடி பிறந்தபோது மீதித் தொகையில் அறுபத்தைந்தாயிரம் குறைவாக இருந்தது. காலண்டரைப் புரட்டிய திரிஷா, "அம்மா, ஆகஸ்ட் பன்னண்டாம் தேதி புதன்கிழமை. ஆடி அமாவாசை" என்றாள்.

"அன்னிக்கு ஒண்ணும் வராது. பத்தொம்பதாம் தேதி சந்தைதான் நமக்குக் கடைசி" என்று கிரேஸ் படுத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி பதினொரு மணிக்குக் காந்தா போன் செய்தாள். "எங்கடி கீற? வந்து பாரு உன் சந்தைய!"

வந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாழை இலைக் கட்டுகள், பூசணி, வாழைக்காய், அகத்திக்கீரை, வளையல், பாத்திரம், பொம்மை, சுண்டல் வண்டி. வேப்பமரத்திலிருந்து சாலை வரைக்கும் கடை. நெசவாளர் தெருக்களே காலியாகிக் குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தது. எண்ணி முடித்த ஜெபகுமார் மூச்சு வாங்க வந்து, "நூத்தித் தொண்ணூறு கடை!" என்றான். அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, ஒரு பசி இருந்தது. "கிரேஸு, ஆளுக்கு அம்பது வாங்குனா ஒம்பதாயிரத்துக்கு மேல வருது. ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டே. எழுதியா குடுத்தே?"

அவளுக்கும் நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்லுவானேன். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனாள். திருமுக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், முன்பின் பார்த்தறியாத முகம், இருபது கட்டு அகத்திக்கீரையோடு உட்கார்ந்திருந்தாள். கிரேஸைப் பார்த்ததும், "இன்னிக்குக் காசு கிடையாதுன்னாங்களே, மெய்தானா? அத்த நம்பித்தான் வந்தேன்" என்றாள்.

துரைக்கண்ணு ஆள் நிழலுக்குக் காசு கேட்டு வந்து நின்றபோது தன் வயிறு எப்படி எரிந்தது என்று கிரேஸுக்கு ஞாபகம் வந்தது. "மெய்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். சொன்ன பிறகு அழுகை வந்தது. வாயைக் கொடுத்து வண்டியை விட்டோமே என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார விட்டால்தானே! சாலையைப் பார்த்த முனையில் பெரிய சண்டை. சிட்டிபாபு துணி மூட்டையோடு ஒரு பக்கம், பாத்திரம் விற்கிற குப்புசாமி எவர்சில்வர் குடத்தோடு ஒரு பக்கம்.

"விடிகாலைல வந்து துண்டு போட்டவன் நானு!"

"ஏமய்யா, துண்டு போட்டா பட்டாவா? இதே ரோதனையாப் போச்சு வாராவாரம். கிரேஸம்மா, இந்த மூலைய எனக்கே குடுத்துடு. மார்ச்சு வரைக்கும் இன்னா துட்டோ இப்பவே வாங்கிக்கோ!"

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சொன்னீங்க பாபு அண்ணே?"

"மார்ச்சு வரைக்கும் மொத்தமா தரேன்றேன். துண்டு போட அஞ்சு மணிக்கு எழுந்து வர முடியல என்னால."

இன்றைய நாளுக்குத் தரைக்காசு இல்லை என்றுதானே சொன்னாள்? நாளைக்கான இடத்துக்கு இல்லையே! குட்டியானையின் மேல் ஏறி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இன்னிக்குத் துட்டு கிடையாது, சொன்னது சொன்னதுதான்! ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து மார்ச்சு முடிய உன் இடம் உனக்கே வேணும்னா ஆயிரத்து இருநூறு! கோடு போட்டுப் பேர் எழுதித் தரேன். பத்து மணிக்கு வந்தாலும் உன் இடம் காலியாத்தான் இருக்கும்! வேணாம்னா வழக்கம்போல அம்பது ரூவா, கட்டாயமில்ல!"

"அந்த மூலை?" என்று குப்புசாமி கத்தினான்.

"மூலைக்கு ரெண்டு பேர் கேக்கறீங்களே. எல்லார் எதிர்லயும் ஏலம்!"

ஏலம் ஆயிரத்து இருநூறில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டியது. சுற்றி நின்ற நெசவாளர்கள் கபடிப் போட்டி பார்ப்பதுபோல் கை தட்டினார்கள். மூவாயிரத்து நூறில் சிட்டிபாபு எடுத்தார். எண்ணிக் கொடுக்கும்போது, "அநியாய விலைம்மா" என்று முனகினார்.

"மார்க்கெட்டே பாத்துக்குச்சு அண்ணே" என்றாள் கிரேஸ். அவரும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வார்?

சாயந்திரத்துக்குள் ஐம்பத்து நாலு பேர் இடம் எழுதினார்கள், மூலைக் காசோடு சேர்த்தால் குறைந்த அறுபத்தைந்தாயிரமும் வந்துவிட்டது. திரிஷா கல்லூரியிலிருந்து நேரே வந்து பெயர் எழுதினாள், ஜெபகுமார் கோலமாவு வாங்கி வந்து கோடு போட்டான். காந்தா கடைசி ஆளாக வந்து ஆயிரத்து இருநூறை நீட்டினாள். "அமாவாசை விஷயம் உனக்குத் தெரியும்தானக்கா? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கிரேஸ் கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீ அந்த வாக்கைக் குடுத்திருப்பியா? வாக்கு இல்லன்னா இத்தினி பேர் வந்திருப்பாங்களா?" என்றாள் காந்தா. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்ததை மறைக்க என்ன அழகாக நியாயம் பேசுகிறாள் என்று கிரேஸுக்குக் கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கட்டிக்கொண்டாள்.

இருபதாம் தேதி காலை கிரேஸும் ஜெபகுமாரும் அலுவலகத்துக்குப் போனார்கள். மறு ஏலம் எப்போது என்று விசாரிக்க வந்திருந்த துரைக்கண்ணு வாசல் பெஞ்சில் இருந்தார். உள்ளே அதிகாரி பணத்தை இரண்டு தரம் எண்ணி, ரசீதில் முத்திரை குத்தினார். குத்திய சத்தம் வாசலுக்குக் கேட்டிருக்கும்.

அதிகாரி நல்ல மனிதர்தான். "சந்தோஷம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. கடை இவ்வளவு பெருகிட்டதால அடுத்த வருஷம் ஆரம்ப விலையை ஏத்துவாங்க. மூணு லட்சம் ஆகலாம். நீ வளர்த்த சந்தை, உனக்கே கட்டுப்படி ஆகாமப் போகலாம்."

ஜெபகுமாருக்கு முகம் செத்துவிட்டது. கிரேஸ் ரசீதை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள்.

"ஏறட்டும் சார். ஏறுன துட்டுல எங்களுக்கு நாலு விளக்கும், தகரத் தட்டி இல்லாம ஒரு நல்ல கக்கூஸும் போட்டுக் குடுங்க. அப்புறம் ஏலத் தேதிய சந்தையிலயே மைக் வெச்சு சொல்லுங்க. வளையல்காரன், கீரைக்காரி, யாரா இருந்தாலும் வந்து கேக்கட்டும்."

"அப்படிச் சொன்னா உனக்குத்தானேம்மா போட்டி? யாராவது உன்னைவிட அதிகமாக் கேட்டு எடுத்துட்டா?"

"என்னவிட அதிகமாக் கேட்டவன் கடைய வெரட்டுவானா சார்? வெரட்டுனா அவன் துட்டு எப்படித் திரும்பும்? அப்பவும் வெரட்டுனான்னா அடுத்த வருஷம் நான் வந்து கேப்பேன். ஏலத்துல நான் தோத்துட்டாலும் என் கருவாட்டுக் கூடைக்கு அங்க ஒரு இடம் இருக்கும் சார். சந்தை செத்துப்போச்சுன்னாதான் எனக்கு எங்கயும் இடமில்ல."

வெளியே வந்தாள். துரைக்கண்ணு பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். அவருடைய குடும்பத்தில் ஒருவர் அவளுக்காக எழுந்து நின்றது அதுவே முதல் தடவை. ஆனால் அவர் எழுந்தது மரியாதைக்கா, வீட்டுக்குப் போகவா என்று அவளுக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியாது.

"தோட்டத்துல கத்திரிக்காய் இந்த வருஷம் நல்லாப் புடிச்சிருக்குது" என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "இடம் ஏதாவது கீதாம்மா?"

"வேப்பமரத்துக்கு அந்தாண்ட ஒண்ணு கீது சார்" என்றாள் கிரேஸ். "அம்பது ரூவா. எல்லாருக்கும் அதான்."